நரி கடித்தால் யோகம்

சென்ற மாதம் எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடிக்காரர் வளர்க்கும் நாய் என் மகனின் முழங்கையைப் பிராண்டிவிட்டது. ரத்தம் வரவில்லை. சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். நான் அவனைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், அவன் கத்தக் கத்தச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, கட்டியிருந்த நைந்த புடவையோடு ஆட்டோ ஏறி மருத்துவமனைக்குப் போனேன். திரும்பி வந்தபோது நாய்க்காரர் லிஃப்ட் வாசலில் நின்றிருந்தார். "இதுக்குப் போய் ஊசியா மேடம்? ரொம்ப ராசியான நாய் இது. இது வந்த அப்புறம்தான் எனக்குப் பிரமோஷனே வந்துச்சு" என்றார். பெரிய படிப்புப் படித்தவர். என் கணவரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

இந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால், எங்கள் ஊரில். நம் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் எங்கள் உடையார்பாளையம் பக்கத்தில் பிறந்து வளர்ந்துவிட்டு, இப்போது பிள்ளைகளுக்கு முன்னால் 'அந்தக் காலத்தில் கிராமத்து மனுஷனுக்குக் காடும் தெரியும், மிருகமும் தெரியும்' என்று பீற்றிக்கொள்கிறீர்களே, உங்களுக்காக. என்ன தெரிந்திருந்தது என்று நான் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஆறாவது முடித்த கோடை. எங்கள் ஊர் உடையார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம். ஊருக்குக் கிழக்கே செம்மண் மேடு. மேடு முழுக்க முந்திரித் தோப்புகள். மேடு இறங்கினால் ஓடை. ஓடைக்கரை நெடுக ஆள் நுழைய முடியாத தாழம்புதர், அதற்கு வேலி கட்டினாற்போல் காரைமுள்ளும் சூரைமுள்ளும். நரிகள் அதற்குள் இருந்தன.

நரி என்றால் எங்கள் ஊருக்கு உயிர். ஒருவனுக்கு நல்லது நடந்தால் 'நரி மொகத்துல முழிச்சிருக்கான்' என்பார்கள். எல்லா ஊரிலும் சொல்வதுதான், ஆனால் எங்கள் ஊரில் அதைச் சொல்லோடு விடவில்லை. மாடு வாங்கப் போகிறவன், பெண் பார்க்கப் போகிறவன், கோர்ட்டுக்குப் போகிறவன் எல்லோரும் விடியலில் எழுந்து, வழியில் யாருடைய முகத்தையும் பார்த்துவிடாமல் துண்டால் தலையை மூடிக்கொண்டு, ஓடைக்கரையில் போய் உட்கார்ந்திருப்பார்கள். நரி தண்ணீர் குடிக்க வரும். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அதற்குப் பிறகுதான் மனைவியின் முகத்தையே பார்ப்பார்கள்.

இதே ஆட்கள்தான் அந்த மாசியில் ஓடைப் புதருக்குத் தீ வைத்தவர்கள்.

பஞ்சாயத்துத் தலைவர்தான் யோசனை சொன்னவர். அவருக்கு எல்லாமே தெரியும், அவருக்கு எல்லாம் தெரியும் என்று அவரே சொல்வார். "ஓடப் பொறம்போக்கு சும்மாத்தான கெடக்குது. வெட்டிக் கொளுத்திட்டா கரை நெடுக முந்திரி போடலாம்" என்றார். புறம்போக்கு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரே பொருள்தான்: யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு நாள் எரிந்தது. தாழை பச்சையாக எரியும்போது வருகிற புகை கண்ணைப் பிடுங்கும். புகைக்குள்ளிருந்து குட்டிகள் கத்தின. சின்னப் பிள்ளைகள் நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். பெரியவர்கள் எந்தப் பக்கம் நரி ஓடுகிறது என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்துவிட வேண்டுமே.

அந்த ஐப்பசியில் முதல் பெருமழைக்கே கரை இடிந்து, அவர்கள் ஊன்றிய முந்திரிக் கன்றுகள் கரையோடு போயின. அது வேறு கதை. நரிகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போனதுதான் இந்தக் கதை. அவை செத்த மாடுகளைத் தூக்கிப் போடும் மேட்டுக்கு வரத் தொடங்கின. அந்த மேடு அதுவரை ஊர் நாய்களுடையது. அங்கே நாயும் நரியும் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டதைப் பட்டப்பகலில் நானே பார்த்திருக்கிறேன். ஊரார் அதற்கும் பொருள் கண்டுபிடித்தார்கள். நரியே ஊரைத் தேடி வருகிறது, ஊருக்கு நல்ல காலம்.

பங்குனி, சித்திரையில் முந்திரி பழுத்து உதிரும். மரத்தடியில் சருகைக் கூட்டித் தள்ளித் தரையைச் சுத்தமாக வைத்தால்தான் விழுந்த கொட்டை கண்ணுக்குத் தெரியும். விடுமுறையில் எனக்கு அதுதான் வேலை. பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை எறிந்துவிட வேண்டும். எறிந்த பழங்கள் குவியலாகப் புளித்துக் கிடக்கும். அந்த வாடை மூக்கில் ஏறினால் சாயங்காலம் வரை தலை கிறுகிறுக்கும். பழச்சாறு பட்ட இடம் பாவாடையில் பழுப்பாகி, எந்தச் சோப்புக்கும் போகாது. எனக்கு அந்த வருஷம் பச்சைப் பாவாடை ஒன்று இருந்தது. அதன் முன்பக்கம் முழுக்க வரைபடம் போலக் கறை.

நரி முந்திரிப் பழத்தைத் தின்னும், கொட்டையைத் தொடாது. காலையில் போனால் மரத்தடியில் பழம் தின்று போட்ட கொட்டைகள் கிடக்கும். "நமக்கு முன்னாடியே வந்து திருகி வச்சிட்டுப் போயிருக்குது பாரு" என்று சித்தி சிரிப்பார்.

சித்தி வேப்பந்தட்டைப் பக்கத்துப் பெண், மலையோர மானாவாரி ஊர். அப்பாவின் தம்பியைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இருபது வயது இருக்கும். எங்கள் ஊர் நரிக் கதைகளை நம்பாத ஒரே ஆள்.

"எங்கூர்ல நரியப் பாத்தா கல்லெடுத்து அடிப்போம்" என்பார்.

"அதான் உங்கூர்ல ஒரு பயலுக்கும் வேலை இல்ல" என்பார் சித்தப்பா.

"இங்க மட்டும் இருக்குதாக்கும். தெனம் நரியப் பாத்துட்டு வந்து ரெண்டு வேளை படுத்துத் தூங்குறதுதான் வேலை."

சித்தப்பாவைக் குத்தும் பேச்சுதான் அது. அவர் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்தவர். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலைக்கு இன்டர்வியூ போய்விட்டு வந்து ஏழு மாதமாக ஆர்டருக்குக் காத்திருந்தார். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் பெல்பாட்டத்தைத் தேய்த்து மடித்து வைப்பார். போட்டுக்கொண்டு போக இடம் இல்லாததால் மறுபடி பிரித்துத் தேய்ப்பார். காலையில் பஸ் வரும் நேரம் தபால்காரருக்காக ரோட்டில் நிற்பார். மீதி நேரம் தோப்பில் சருகு கூட்டுவார். என்னை அதட்டாத ஒரே பெரியவர் அவர்தான்.

ஓடைப் பக்கம் நான் போகக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. தாழையில் நாகம் இருக்கும் என்று காரணம் சொல்வார். புதரே எரிந்து போன பிறகும் கட்டளை அப்படியே இருந்தது. பெண் பிள்ளை வளர்கிறாள் என்பதுதான் உண்மைக் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. தீயில் தப்பித்த ஒரு தாழைத்தூர் பூ விட்டிருக்கிறது என்று யாரோ சொல்ல, ஒரு நாள் காலை கொட்டை பொறுக்குகிற சாக்கில் நான் ஓடைக்கு இறங்கினேன்.

நரி எனக்குப் பின்னாலிருந்து வந்தது. கணுக்காலுக்கு மேலே யாரோ கிள்ளியது போல் இருந்தது. திரும்பினால் இரண்டு அடி தூரத்தில் நிற்கிறது. ஓடவில்லை. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததா என்றுகூடச் சொல்ல முடியாது. பின்னங்கால் தள்ளாட, என்னைச் சுற்றிக்கொண்டு மேடேறித் தோப்புக்குள் போனது.

மேட்டில் சித்தப்பா குனிந்து சருகு கூட்டிக்கொண்டிருந்தார். நான் இருந்தது அவருக்குத் தெரியாது. தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் எனக்கு அவர் நன்றாகத் தெரிந்தார். நரியைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, கோயிலில் செய்வதுபோல் இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு கையையும் கூப்பிக் குனிந்து நின்றார்.

நரி நேரே நடந்து போய்க் கூப்பிய கையைக் கடித்தது.

நான் கத்தியிருக்கலாம். கத்தினால் நான் எங்கே நின்றேன் என்பது தெரிந்துவிடும்.

சித்தப்பா ரத்தம் சொட்டும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தார், கோப்பை வாங்கியவர் மாதிரி. மத்தியானத்துக்குள் வீட்டு வாசலில் கூட்டம். "மொகத்துல முழிச்சாலே யோகம். கையிலயே பல்லு பதிஞ்சிருக்குன்னா?" என்று ஒருவர் கேட்க, தலைவர் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்து, "அரசாங்க உத்தியோகம்" என்றார். காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினார்கள். பெண்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "அந்தக் கையால எம் புள்ள தலையத் தொட்டு வுடுங்க" என்று நீட்டினார்கள். அவரும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு தொட்டுவிட்டார். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று பள்ளித் தலைமை ஆசிரியர்கள்.

சித்தி மட்டும் கதவோரம் நின்று, "நாய் கடிச்சா ஊசி போடுறாங்கல்ல. அது மாதிரி ஒரு ஊசி போட்டுக்கிட்டா என்னங்க?" என்றார்.

தலைவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாய்க் கடிக்குத்தாம்மா ஊசி. நரிக் கடிக்கு ஊசி போட்டா யோகம் முறிஞ்சிடும்" என்றார். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் அம்மா என் காலைப் பார்த்துவிட்டார். "என்னடி இது?"

"நாய் கடிச்சிடுச்சு."

"எங்க? எந்த நாய்?"

"கோயில்கிட்ட. செவல நாய்."

எந்த யோசனையும் இல்லாமல் வாயில் வந்த நிறம் அது. அரை மணி நேரத்தில் அப்பாவும் இன்னும் நாலு பேரும் ஊரில் இருந்த ஒரே செவலை நாயைத் தேடிப் பிடித்து அடித்துக் கொன்றார்கள். ஆட்டுக்காரருடைய நாய், ஒருவரையும் கடித்ததில்லை. ஆட்டுக்காரர் அழுதுகொண்டே அதை இழுத்துப் போனார். மறுநாள் டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் கேட்டதே அதைத்தான்.

"நாய் எங்க?"

"அடிச்சுக் கொன்னுட்டோங்க" என்றார் அப்பா பெருமையாக.

"கட்டிப் போட்டுப் பத்து நாள் பாத்திருந்தா அதுக்கு வெறி இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிருக்கும். இப்ப இந்தக் குழந்தை பதினாலு ஊசியும் போட்டுத்தான் ஆகணும். வேற யாரையாவது கடிச்சுதா?"

"இல்லைங்க."

நான் வாயைத் திறக்கவில்லை.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. உங்களில் யாராவது போட்டுக்கொண்டிருந்தால் தெரியும். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கும் தண்ணீரிலிருந்து இடுக்கியால் எடுப்பார்கள். மருந்து உள்ளே போகும்போது வயிறு முழுக்க யாரோ கல்லை அடுக்குவது போல் இருக்கும். நேற்றுப் போட்ட இடம் வீங்கியிருக்க, அதன் பக்கத்தில் இன்றைக்கு. ஐந்தாம் நாள் மேஜையில் படுக்கவே மறுத்தேன். அப்பா காலைப் பிடித்தார். என்னால் தாங்க முடியவில்லை. உண்மை என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன்.

"எனக்கு ஊசி வேணாம்பா. என்னயக் கடிச்சது நாய் இல்ல. நரிதான். சித்தப்பாவக் கடிச்ச அதே நரிதான்."

அப்பா சிரித்துவிட்டார். "பாருங்கம்மா, ஊசிக்குப் பயந்து எப்படிக் கதை கட்டுதுன்னு."

நர்ஸ் சிரிக்கவில்லை. "நரியா இருந்தாலும் இதே ஊசிதான். சித்தப்பான்னு யாரைச் சொல்லுது?"

"தம்பிங்க. அவனை நரிதான் கடிச்சுது. அது ஒண்ணும் பண்ணாதுங்க."

"யார் சொன்னது? நாளைக்கே அவரையும் கூட்டிட்டு வாங்க."

திரும்பி வரும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரரிடம் அப்பா இதை வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் நரி என்று கதை கட்டியது ஒரு வேடிக்கை, நர்ஸ் சொன்னது இன்னொரு வேடிக்கை. "டவுன்லயே இருக்குற பொம்பளை. நரியக் கண்ணால பாத்திருப்பாங்களா?" அன்று சாயங்காலம் வீட்டிலும் அதே கதை. எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா மட்டும், "அந்தம்மா அப்பிடியா சொன்னாங்க?" என்று இரண்டு தரம் கேட்டார். சித்தி அவரைப் பார்த்தபடி நின்றார். அதன் பிறகு வீட்டுக்குள் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. மறுநாள் காலை சித்தப்பா தேய்த்த சட்டையும் பெல்பாட்டமும் போட்டுக்கொண்டு எங்களோடு பஸ்ஸுக்கு வந்து நின்றார்.

"ஒன் சித்தியோட தொல்லை தாங்கல பாப்பா. ஒரு ஊசி போட்டுக்கிட்டு வந்துடலாம்" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். என்னோடு இன்னொரு ஆளும் அந்த மேஜையில் படுப்பார்.

பஸ் வந்தது. அதே பஸ்ஸில்தான் தபால் பையும் வரும். தபால்காரர் பையை வாங்கி, ரோட்டோரத்திலேயே பிரித்து, "ஃபிட்டரு, உனக்குத்தான்யா" என்று பழுப்புக் கவர் ஒன்றை நீட்டினார்.

திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும் என்று போட்டிருந்தது. சித்தப்பா அதை முதலில் மனதுக்குள் படித்தார், பிறகு சத்தமாகப் படித்தார். டீக்கடையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். "நரி பேசுதுடா" என்றார் ஒருவர். அப்பா தம்பியைக் கட்டிக்கொண்டார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"சித்தப்பா, ஏறுங்க" என்றேன்.

"நீ போயிட்டு வா பாப்பா. தெனம் அங்க போயி நின்னா திங்கக்கெழம எப்பிடி வேலைக்குப் போறது?" என்றவர் சிரித்துக்கொண்டே, "யோகத்த முறிச்சுக்கச் சொல்றியா?" என்றார். பஸ் நகர்ந்தது. மஞ்சள் துணி சுற்றிய கையால் டாட்டா காட்டினார்.

அதன் பிறகு எங்கள் ஊரில் நரியைப் பற்றிச் சந்தேகம் என்று ஒன்று கிடையாது. சித்திகூட அடங்கிப்போனார். ஆர்டர் வந்துவிட்டதே, அதற்கு மேல் என்ன சொல்வது? சித்தப்பா தினமும் அரியலூர் பஸ் பிடித்து வேலைக்குப் போய் வந்தார். சாயங்காலம் இறங்கும்போது புருவத்தில் சிமெண்டுத் தூள் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் அப்படியே தெருவில் நடந்து வருவார், எல்லோரும் பார்க்கட்டும் என்று. காயம் ஆறித் தழும்பாகிவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் அவர் கடிபட்ட கையைச் சொறிந்துகொண்டே இருந்தார். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு காய்ச்சல். ஒரு நாள் மத்தியானமே வேலையிலிருந்து திரும்பி வந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். சித்தி சொம்பை நீட்டினார். வாய்க்குக் கிட்டே கொண்டுபோனவர் தொண்டை இழுத்துக்கொண்டு சொம்பை வீசி எறிந்தார். வியர்த்துக் கொட்டுகிறதே என்று சித்தி பனைவிசிறியை எடுத்து ஒரு வீசு வீசினார். அந்தக் காற்றுக்கு அவர் அலறிய அலறல் தெருக்கோடி வரை கேட்டது. விசிறிக்குப் பயந்து ஒரு ஆண்பிள்ளை சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்ததை நான் பார்த்தேன். பிறகு அம்மா என்னை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார்.

கருமாதி அன்று பந்தலில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வாரத்தில் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். தப்பு செய்துவிட்டோம் என்ற முடிவு என்றா நினைக்கிறீர்கள்? அப்படி நினைத்தால் உங்களுக்கு அந்த ஊரையே தெரியாது.

"நரி கடிச்சு எவனும் செத்ததில்ல" என்றார் தலைவர். "நம்ம பூட்டன் காலத்துலேர்ந்து கேள்விப்பட்டதில்ல. இவனக் கடிச்சது நாய்தான்."

"அப்பிடித்தான் இருக்கும். நாய்னு சொன்னா ஊசி போடச் சொல்லுவாங்கன்னு நரின்னுட்டான்."

"ஊசிக்குப் பயந்து மட்டும் இல்ல. பெருமைக்கும்தான்."

"ஆர்டர் எப்பிடி வந்துச்சாம்?"

"அது அவன் படிச்ச படிப்புக்கு வந்தது."

இறந்தவனுக்குப் படிப்பு இருந்தது அன்றைக்குத்தான் அவர்கள் நினைவுக்கு வந்தது. அப்பா மொட்டையடித்த தலையில் சந்தனத்தோடு உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி இருந்தார்.

சித்தி உள்ளேயிருந்து நிலைப்படிக்கு வந்தார். பந்தலில் ஆண்கள் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

"பாப்பா, இங்க வா."

போனேன்.

"ஆஸ்பத்திரில ஒன்னய நரிதான் கடிச்சுதுன்னு சொன்னியாமே. சித்தப்பாவக் கடிச்ச அதே நரின்னு சொன்னியாமே. நெசமா? நீ தோப்புக்கிட்ட இருந்தியா?"

அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அடிக்கப்போகிற பார்வை என்றால் எனக்குப் பழக்கம். அது வேறு. அதற்கு முன் அப்பா என்னிடம் எதையும் கெஞ்சியதில்லை. நான் ஆமாம் என்றால், மகள் உண்மை சொன்ன நாளில், நர்ஸும் வாய்விட்டுச் சொன்ன நாளில், தம்பியை இழுத்துக்கொண்டு போகாத அண்ணன் அவர் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இதெல்லாம் பதினோரு வயதில் எனக்கு வார்த்தையாகத் தெரியாது. அந்த முகம் மட்டும் தெரிந்தது. அப்பாவுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. ஓடைக்குப் போனது அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயமும் அந்த நொடியில் இருந்தது. ஒரு மனிதர் செத்துப் பதினாறாம் நாள், எனக்கு அம்மாவிடம் அடி வாங்கும் பயம்.

"இல்ல சித்தி. ஊசி வலிச்சுது. அதான் சும்மா சொன்னேன். நாய்தான் கடிச்சுது."

"தோப்புல நரிய நீ பாக்கவே இல்லையா?"

"இல்ல சித்தி."

தலைவர் மெல்ல, "நான்தான் சொன்னேன்ல" என்றார்.

சித்தி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "அப்ப அவரு எங்கிட்ட சொன்னதும் பொய்யிதான். நாய்னு ஒத்த வார்த்த சொல்லியிருந்தா காலப் புடிச்சு இழுத்தாவது அந்தப் பஸ்ஸுல ஏத்தியிருப்பேனே."

அதுவரை தினமும் அழுதவர், அதன் பிறகு சித்தப்பாவுக்காக அழுது நான் பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். சித்தப்பாவின் பெல்பாட்டங்கள், ஆர்டர் வந்த பழுப்புக் கவர், கல்யாணப் படம் எல்லாவற்றையும் எங்கள் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனார். படத்தைக் கரையான் அரித்தது. கவர் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

சித்தி இன்னும் இருக்கிறார். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். மறுமணம் என்று ஒரு பேச்சு வந்தபோது, ஒரு பொய்யனோடு வாழ்ந்தது போதும் என்றாராம். அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தலைவரும் போய்விட்டார். அந்த ஊரில் இப்போது நரியும் இல்லை. இனி நான் யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நாற்பது வருஷத்தில் சித்தியை நான் இருபது தரமாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு தரமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்புவேன்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் எங்களுக்கு எதிர் இலையில் உட்கார்ந்தார். என் மகன் அவரிடம் பேச்சுக் கொடுத்தான். "சின்னப் பாட்டி, தாத்தா சின்ன வயசுலயே இறந்துட்டாங்களாமே, எப்படி?" என்று கேட்டான்.

"ஒந்தாத்தாவா? நாய் கடிச்சத நரின்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சாரு. அதுலயே போயிட்டாரு" என்றார் சித்தி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மகன் என் பக்கம் திரும்பி, "நெஜமாவாம்மா?" என்றான்.

"இலையப் பாத்துச் சாப்பிடு" என்றேன்.